நாற்பதைத் தாண்டாத வண்டி

மைத்துனி கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் என் டீசல் கார் மக்கர் பண்ணியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது; அப்புறம் எப்படி மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு என்னை முந்திப் போனது. மறுநாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் மாதா கோயிலுக்கு மணப்பெண் போக வேண்டிய வண்டி அது. சகலையின் புது வண்டி வாசலில் நிற்கும்போதே, "பெரிய மாப்ள வண்டியிலதான் பொண்ணு போவும்" என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மானம் கப்பலேறிவிடும் என்று வண்டியை நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன்.

மெக்கானிக் வண்டியை மத்தியானம்வரை ஆறவிட்டு, கம்ப்யூட்டரைச் செருகினார்.

"சார், புகைக் கொழாய்ல சூடு பாக்குற சென்சாரு, கொழாய் கொதிக்குதுன்னு சொல்லுது. நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டேன். தண்ணீர்ப் பானை போல ஜில்லென்று இருந்தது.

"அது பொய் சொல்லிக்கினு இருக்குது. கம்ப்யூட்டரு அத நம்பி பயந்துபோய் வேகத்தக் கொறச்சிடுச்சி."

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் புது சென்சார் வந்தது. மாட்டினார். அதுவும் அதே கொதிப்பைத்தான் காட்டியது. நான் கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க சார். ரெண்டு பேரு ஒரே பொய்யச் சொன்னா, சொல்லிக் குடுத்தவன் வேற எவனோ" என்று அடியில் படுத்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார்.

திடீரென்று அடியிலிருந்து சிரிப்புச் சத்தம். வயரில் ஒரு கறுப்புக் கயிறு. அதன் முனையில் உள்ளங்கையளவு படிகாரம். திருஷ்டிக்குக் கட்டியது. அந்தக் கனம் வயரைச் சூடான குழாய்மேல் இழுத்து, மேல்தோல் உருகி, உள்ளே கம்பிகள் ஒட்டிக் கிடந்தன.

வயரைச் சரிசெய்ததும் விளக்கு அணைந்தது. படிகாரத்தை எடுத்துக்கொண்டு நேரே மாமியாரிடம் போனேன்; வீட்டில் திருஷ்டி கழிப்பது அவர்தான். போன வாரம்தான் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்து வண்டியை மந்திரித்து, திருஷ்டியெல்லாம் நாம் நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"முன்னாடி கட்னா சாமியார் பாத்துடுவாரே மாப்ள. அதான் பின்னாடி கையவுட்டு, கெடச்ச கம்பியில கட்டுனேன்" என்றார் கூச்சமே இல்லாமல். "பாத்தீங்களா, சென்சாரோட போச்சி. கட்டலன்னா இஞ்சினே போயிருக்கும்."

"சகலையோட புது வண்டிக்கு ஏன் கட்டல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அத எவன் பாக்கப் போறான்? ஊரு கண்ணு மொத்தமும் உங்க வண்டி மேலதான்."

என் வண்டி மூன்று கை மாறி வந்தது. ஒரு கதவு வேறு நிறம். அதைப் பார்த்து ஊரே பொறாமைப்படும் என்று மனதார நம்பிய ஒரே மனுஷி அவர்தான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

படிகாரத்தை டிக்கியில் ஸ்டெப்னியோடு சேர்த்து நானே கட்டினேன். மறுநாள் எண்பதில் போய், முதல் மணி அடிக்கும் முன்பே பெண்ணைக் கோயில் வாசலில் இறக்கினேன். சகலையின் புது வண்டி எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.