பத்தியத்தில் சேர்ந்துபோன மாத்திரை

எனக்கு மனச்சோர்வு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சோர்வு என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு எழுந்துகொள்ளக்கூடிய விஷயம் போலத் தோன்றுகிறது. எனக்கு வந்தது அப்படியல்ல. காலையில் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வகுப்பில் நிற்கும்வரை ஒரு மாதிரி ஓடிவிடும். வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் படுத்துவிடுவேன்.

மருந்து சாப்பிடாமல் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மனநல டாக்டரிடம் ஒன்று மாற்றி ஒன்றாக ஐந்து வகை மாத்திரை பார்த்தாயிற்று. ஒன்றில் உடம்பு பெருத்தது. ஒன்றில் நாக்கு வறண்டு பாடம் நடத்த முடியவில்லை. ஒன்று நான்கு மாதம் நன்றாக வேலை செய்துவிட்டுக் கைவிட்டது. "உங்களுக்கு மாத்திரை மட்டும் போதலம்மா. சென்னையில காந்தம் வச்சுக் குடுக்குற ட்ரீட்மென்ட் இருக்கு, அஞ்சாறு வாரம் தெனமும் போவணும்" என்றார் டாக்டர். செலவையும் சொன்னார். என் கணவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். மகள் பிளஸ் டூ. நானும் அவரும் அந்த மாதத்து மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அதன்பிறகுதான் கட்டுப்படியாகிற மாதிரி வேறு வைத்தியம் தேட ஆரம்பித்தோம். எல்லோரும் இலவசமாகத் தந்தது யோசனை மட்டும்தான், அது மூட்டை மூட்டையாக வந்தது. யோகாவுக்குப் போனேன். கண்ணை மூடிச் சந்தோஷமான ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார்கள். ஓர் இடமும் வரவில்லை, அழுதுவிட்டு வந்தேன். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கும் போனோம். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் திரும்பி வந்த பஸ்ஸிலும் அதே நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

காடாம்புலியூரில் இருக்கும் என் நாத்தனார், சிதம்பரத்தில் ஒரு சித்த வைத்தியர் இருப்பதாகச் சொன்னார். நாத்தனாரின் மூட்டுவலியைச் சரிசெய்தவர், ஏழைபாழைகளிடம் மருந்துக்கு மட்டுமே வாங்குவார் என்றார். அவரே எங்களைக் கூட்டிக்கொண்டும் போனார்.

அங்கே வைத்தியருக்கென்று தனி அறை கிடையாது. ஒரே கூடம். நடுவில் அவர் மேஜை, எதிரே ஒரு ஸ்டூல், சுற்றிலும் பெஞ்சு. ஸ்டூலில் உட்காருகிறவர் வியாதியைச் சொல்வார், பெஞ்சு முழுக்கக் கேட்கும். கேட்பது மட்டுமல்ல, "எங்க மாமாவுக்கும் இப்பிடித்தான்" என்று பேச்சிலும் கலந்துகொள்ளும். அன்று பெஞ்சில் நாத்தனாரின் தெருக்காரப் பெண்மணி ஒருவரும் இருந்தார்.

"என்னாம்மா பண்ணுது?" என்றார் வைத்தியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "வாயுங்க. நெஞ்ச அடைக்குது, தூக்கமில்ல."

விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு நிற்கப்போகிற என் மகளுக்கு இடைஞ்சலாகுமே என்பது அவருடைய கவலை. நானும் தலையாட்டினேன். நாத்தனாரைக் குறை சொல்லி என்ன பயன், தலை என்னுடையது.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "வேற எதனா மருந்து சாப்புடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

வாயுவுக்குச் சூரணமும் லேகியமும் கொடுத்தார். ஒரு மண்டலத்துக்குப் பத்தியம்: புளி, கத்திரிக்காய், மீன், கருவாடு கூடாது. வைத்தியர் நாலு சொன்னால் நம் வீடுகளில் அது நாற்பதாகிவிடும். திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மாங்காய், பூசணி, பழைய சோறு எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. கடைசியாக, "இங்கிலீஷ் மாத்திரையும் ஆவாது. ரெண்டும் வயித்துல சண்ட போடும்" என்றார் நாத்தனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்தியம் என்றால் அப்படித்தானே என்று நானும் வளர்ந்திருக்கிறேன். ஸ்டெப் விட்டுக் கணக்குப் போடும் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். வைத்தியர் அதைச் சொன்னாரா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். மாத்திரை டப்பாவையும் அதற்குள்ளேயே வைத்தேன். எனக்குத் துணையாக என் கணவரும் மீனை விட்டார்.

முதல் வாரம் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுருக்கென்று மின்னியது. "கெட்டது வெளியேறுது" என்றார் நாத்தனார் போனில். நான்காவது வாரம் வகுப்பில் பிள்ளைகள் பேசுவது காதில் ஏறவில்லை. இனி இருக்க வேண்டாம் என்ற நினைப்பு, நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகவேண்டும் என்பதுபோலச் சாதாரணமாக மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் அப்படி வந்ததில்லை. பயமாக இருந்திருக்க வேண்டும். பயம்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை லேகியம் வாங்கத் தனியாகச் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் வைத்தியர் வீட்டுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடலூர் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் என் கணவருக்குப் போன் செய்திருக்கிறேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு, சட்டைப் பையில் டெஸ்டரோடு, பைக்கில் வந்து நின்றார்.

அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியர் அந்தச் சித்த வைத்தியர்தான். அங்கேதான் என்னைக் கூட்டிப்போனார். பெஞ்சு நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் என் கணவர் சத்தமாகச் சொன்னார்: "இவளுக்கு வாயு இல்லீங்க. பன்னெண்டு வருசமா டிப்ரஷன். நீங்க குடுத்த மருந்துக்காவ அந்த மாத்திரைய நிறுத்திட்டோம்."

வைத்தியருக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "நான் எப்பய்யா நிறுத்தச் சொன்னேன்? வேற மருந்து சாப்புடுறீங்களான்னு வாயத் தொறந்து கேட்டனா இல்லியா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே சட்டையை மாட்டினார். காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு மாதமாக நாங்கள் யாரிடமிருந்து ஒளித்தோமோ, நாத்தனாரின் அந்தத் தெருக்காரப் பெண்மணி அன்றும் பெஞ்சில் இருந்தார்; ஆட்டோ வரை என் பையைத் தூக்கி வந்தார். "என் தம்பிக்கும் இதாம்மா, நாங்களும் வெளிய சொல்றதில்ல" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி மாத்திரை. அது போதாது என்று தெரிந்ததும், மயக்கம் கொடுத்துச் செய்யும் ஷாக் ட்ரீட்மென்டைப் பற்றி அங்கிருந்த பெண் டாக்டர் சொன்னார். இத்தனை நாள் நாங்கள் தேடித் திரிந்தது, செலவில்லாமல், அங்கேயே இருந்திருக்கிறது. நான் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் கணவர்தான் போடவில்லை. கரண்ட் அடித்து ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்தவர். "கரண்ட்டப் பத்தி எனக்குத் தெரியாதா டாக்டர்?" என்றார். எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்று துருவித் துருவிக் கேட்டார். டாக்டர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லி, மெஷினையும் காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் குனிந்து பிளக்கைப் பார்த்தார், சுவரிலிருந்த பாயின்டைப் பார்த்தார். "எர்த் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு முறை கொடுத்தார்கள். ஐந்தாவதற்குப் பிறகு ஒரு நாள் பசித்தது. அது பசிதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. பாதிக்கு மேல் சரி, எனக்கு அது போதும். பள்ளிக்கும் திரும்பிவிட்டேன்.

அந்த ட்ரீட்மென்டால் ஞாபகத்தில் சில ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. அந்தச் சனிக்கிழமையில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, டெஸ்டரோடு அவர் வந்து நின்றது இருக்கிறது. போனில் நான் பேசியது மட்டும் இல்லை. போன வாரம் அவர் அடுப்படியில் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னிக்கு போன்ல என்னாங்க சொன்னேன்?"

திருப்பிக்கொண்டிருந்த ஸ்க்ரூவை விட்டுவிட்டார்.

"செதம்பரம் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன், பாப்பாவப் பாத்துக்குங்கன்ன. அவ்ளோதான், வச்சிட்ட. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அடிச்சேன், எடுக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டுல நீ உக்காந்திருப்பியா மாட்டியான்னு தெரியாமலேதான் வண்டி ஓட்டியாந்தேன்."

நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் பள்ளி இடைவேளையில் போன் செய்கிறார். தண்ணி கேன் வந்ததா, கேஸ் புக் பண்ணியாச்சா என்று ஏதாவது கேட்பார். டீச்சர்கள் எதிரில் மானம் போகிறதே என்று பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். கேனைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நேற்று இடைவேளை மணி அடித்ததும் நானே முதலில் கூப்பிட்டேன். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"என்னா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. சும்மாதான் கூப்ட்டேன்."

அந்தப் பக்கம் அவர் அழுதார்.