ஒரு புத்தகத்துக்கு இரண்டு ரிப்பன்

கொடிக்கயிற்றின் முனை பிரிந்துவிட்டதே என்று நேற்று தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன். நைலான் கருகும் நாற்றம் இருக்கிறதே, எனக்கு அது கல்யாணமான புதிதின் வாசனை. சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு மல்லிகை, எனக்கு இது.

அப்போது நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அவருக்கு மைன்ஸில் ஷிப்ட், எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. நான் வீடு திரும்பும்போது அவர் செகண்ட் ஷிப்டுக்குப் போயிருப்பார். நைட் ஷிப்ட் வாரமென்றால் போர்த்திக்கொண்டு தூங்குவார். பெண் பார்க்க வந்தபோது பேசியதே நாலு வார்த்தை. இந்த மனிதரோடு எதைப் பேசுவது, எப்போது பேசுவது என்று உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

சீர்வரிசையோடு நான் கொண்டுவந்ததில் உருப்படியானது, வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வடலூரில் பைண்ட் செய்த கெட்டி அட்டைப் புத்தகங்கள். அவர் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்துப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடவும் ஆள் வீட்டில் இல்லை. சரி என்று பக்க அடையாளத்துக்கு நைலான் ரிப்பன் வைத்தேன்.

புத்தகத்தை விரித்தால் முதுகில் அட்டைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். ரிப்பனை ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, பசை தடவி, ஈர்க்குச்சியால் உள்ளே தள்ள வேண்டும். முதலில் மைதாப் பசை காய்ச்சினேன். கரப்பான்பூச்சிக்கு நல்ல விருந்து. அப்புறம் கடைப் பசை. கீழ்நுனி பிரியாமலிருக்க ஊதுபத்தியால் சுட்டேன். எனக்குச் சிவப்பு, அவருக்குப் பச்சை.

பள்ளியிலிருந்து வந்ததும் பச்சை எங்கே என்றுதான் பார்ப்பேன். நகர்ந்திருக்கும். ஆளைப் பார்க்காவிட்டாலும் இதே கதையில்தான் இருக்கிறார் என்று ஒரு தெம்பு. முகம் பார்க்கக் கிடைத்தால் அந்தக் கதையைத்தான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் தலையாட்டுவார்.

அவருக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொண்டே போனால், ஒரு வாரத்துப் பக்கங்கள் முழுக்கத் தலைகீழாக வந்தன. பைண்டர் புண்ணியவான் அப்படியே தைத்துவிட்டிருக்கிறார். பச்சை ரிப்பனோ அதைத் தாண்டி எங்கேயோ கிடந்தது.

"என்னங்க, தலைகீழா இருந்ததை எப்படிப் படிச்சீங்க?"

"எது தலைகீழா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"படிச்சிகினுதான்..." என்று இழுத்தவர் சட்டென்று அடங்கிப்போனார். "எனக்குக் கதையெல்லாம் ஏறாதும்மா. ரிப்பன நகத்தி வெச்சா நீ வந்து எதுனா பேசுவியே, அதான்."

கோபம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. அன்றைக்கே முதலிலிருந்து கதை சொன்னேன். கை காய்ந்துபோகும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். அப்புறம் ஷிப்ட் விட்டுக்கொடுத்த நேரமெல்லாம் எங்களுக்கு இதுதான். "அந்தப் பொண்ணு என்னா ஆனா?" என்று கேட்டுக்கொண்டேதான் சட்டை மாட்டுவார்.

அவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர்ப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். புத்தகங்கள் கரையானுக்குப் போயின. இப்போது ஷிப்டும் கிடையாது, மணியும் பார்க்க வேண்டாம், நாள் முழுக்க எதிரெதிர் நாற்காலிதான். அவர் காதில் இயர்போன், கையில் போன். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் கழற்றுவார். நானும், என்ன பார்க்கிறீங்க என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.