பால் மட்டும் காய்ச்சிய அடுப்படி

எங்கள் அம்மா சிக்கல் கிராமத்தில் விவசாயச் சம்சாரி வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்து, அய்யாவைக் கைப்பிடித்து ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வந்தார்கள். கண்மாய் வற்றிய வருடங்களில் கூலிக்குக் களையெடுத்து அண்ணனையும் என்னையும் வளர்த்தார்கள். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிடாதவர் யார்?

அந்தச் சோறு வெந்த இடத்தை நீங்கள் எட்டிப் பார்த்ததில்லை. ஜன்னலில்லாத அடுப்படி, சீமைக்கருவேல விறகு. குனிந்து ஊதி ஊதியே அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது.

“நின்னுக்கிட்டுச் சமைக்க ஒரு மேடை, பொகை போக ஒரு ஜன்னல். வேற என்னத்தக் கேட்டேன்?” என்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் கட்டிக்கொடுத்தார். குறை சொல்ல மாட்டேன். கிழக்கே பெரிய ஜன்னல், கேஸ் அடுப்பு, அம்மாவின் உயரத்துக்கு அளந்து போட்ட கிரானைட் மேடை. பால் பொங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்தார்கள்.

அன்றைக்கே அத்தை, “ஆத்தி! இதுலயா மதினி மீன் கொழம்பு வைக்கப் போறீக? தெறிச்சாக் கறை போகாதே!” என்றார். கூடியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள்.

அண்ணனும், “என் மகனுக்குப் பொண்ணு பாக்க வாரவக கண்ணுல படணும்மா. அதுவரைக்கும் புதுசாவே இருக்கட்டும்” என்றார். கொல்லையில் தகரம் போட்டு, பழைய விறகடுப்பே மறுபடியும் எரிந்தது. நான் சண்டை பிடித்தேன்.

“சும்மா இருடி. ஆசையாக் கட்டியிருக்கான். அழுக்காயிட்டா மனசு நொந்துருவான்,” என்று அம்மா என் வாயை அடைத்தார்கள். விறகடுப்பில் சமைத்த கையோடு புது மேடையைத் தினமும் துடைத்தும் வைத்தார்கள். பெண் வீட்டார் வந்து அடுப்படியை மெச்சினார்கள். அவர்கள் குடித்த காப்பிகூடத் தகரத்துக்கடியில் போட்டதுதான். அப்புறம் கல்யாணம் முடியட்டும் என்றார் அண்ணன். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது.

ராத்திரியென்று பாராமல் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்த அவர் மனைவிக்கும் எங்கள் கும்பிடு. அடுப்படியைப் பாராட்டியவர்களுக்கும் நன்றி சொல்லச் சொல்கிறார் அண்ணன். சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் படையலுக்குத்தான் அந்த அடுப்பில் முதன்முதலாகச் சமைத்தோம். குழம்பு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அத்தை பதறிப்போய் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். கறை போய்விட்டது.