இருபத்தைந்து டிகிரி அறையில்

என் கணவருக்கு ஒரு பழக்கம். அறையை விட்டு வெளியே போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுத்தான் போவார். உள்ளே நான் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படாது. கல்யாணமான புதிதில் சண்டை போட்டேன். பிறகு எழுந்து போய் நானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். மே மாதத்து மயிலாப்பூரில் ஃபேன் இல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் என் பொறுமை புரியும்.

கரண்டை மிச்சம் பிடிப்பதுதான் அவர் தொழிலும். இன்டர்நெட் கம்பெனிகளுக்கு சுவிட்ச் விற்கும் நிறுவனத்தில் இருந்தார். சுவிட்ச் என்றால் சுவரில் தட்டுவது இல்லை. தெருவில் வரும் ஓர் இணைப்பை வாங்கிப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. எங்கள் பெட்டிதான் குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்தது. நான் அந்தப் பெட்டிகளை வாங்கும் பக்கத்தில் இருக்கிறேன். அசோக் நகரில் ஒரு சின்ன பிராட்பேண்ட் கம்பெனியில் மூத்த இன்ஜினியர். அதாவது, எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். ஆபீஸ் பேச்சு வீட்டில் கிடையாது. அவருடைய பழைய பிரோஷர்களைச் சமையலறை அலமாரியில் விரித்திருப்பேன். வழவழப்பான தாள், எண்ணெய் இறங்காது. அவருடைய கம்பெனிக்கும் எனக்கும் வீட்டில் அவ்வளவுதான் சம்பந்தம்.

போன வருஷம் எங்கள் முதலாளி எல்லாப் பெட்டிகளையும் மாற்றிவிடலாம் என்றார். பழையவை கரண்டைக் குடித்தன. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பேட்டரி சீக்கிரமே படுத்துக்கொண்டது. விசாரித்துக் கழித்ததில் கடைசியாக இரண்டு நிறுவனங்கள் நின்றன. ஒன்று என் கணவருடையது.

முதலாளியிடம் போனேன். "சார், இதை வேற யார்கிட்டயாவது குடுங்க. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர்."

"வேற யாரும்மா இருக்காங்க?" என்றார். யாரும் இல்லைதான். "மீட்டர் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க. உங்க வீட்டுக்காரர் மீட்டருக்குள்ள பூந்துட முடியாதே."

அந்த ஆர்டர் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவர் ஆபீஸில் ஐம்பதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏற்பாட்டை மீறி ஒரே ஒரு தடவை அதைச் சொன்னார், பாண்டி பஜாரில் நடந்துகொண்டிருந்தபோது. "இது வரலேன்னா என்னை அனுப்பிடுவா." உடனே எதிரே இருந்த கடையைக் காட்டி, "செருப்பு வாங்கணும்னியே" என்றார். செருப்பு வாங்கினோம்.

இரண்டு பிரோஷர்களையும் மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டிலும் பச்சை இலைப் படம். கரண்ட் மிச்சம் என்றதும் இவர்கள் எல்லோருக்கும் ஓர் இலைதான் ஞாபகம் வருகிறது. ஒருவர் "முன்பைவிட வெகு குறைவு" என்கிறார். எந்த முன்பு? அவரே ஒரு காலத்தில் விற்றுக் கைவிட்ட பெட்டி. இன்னொருவர் "போட்டியாளரைவிடக் குறைவு" என்கிறார். போட்டியாளர் இப்போது விற்காத மாடல் அது. ஒருவர் பாதி ஒயர்களைச் செருகாமலே அளந்திருக்கிறார். இன்னொருவர் முழு வேகத்தில் ஓடவிட்டு, அனுப்பிய டேட்டாவுக்கு இவ்வளவுதான் கரண்ட் என்று கணக்குக் காட்டுகிறார். எங்கள் வாடிக்கையாளர்கள் வேலைக்குப் போனபின் பெட்டி பகல் முழுக்கச் சும்மா கிடக்கும் என்பது அவர் கவலை இல்லை. கடைசிப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்துப் படித்தேன். இருபத்தைந்து டிகிரி அறையில் அளந்தது என்று இரண்டு பேருமே போட்டிருந்தார்கள்.

எங்கள் லைன்மேன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இருவத்தஞ்சா? ஊட்டிலயா மேடம் வெக்கப்போறோம்? நம்ம பொட்டி மாடிப்படிக்குக் கீழ கீது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை. சேர்த்துப் பார்த்தால் உண்மையும் இல்லை. வருஷக்கணக்காக இதையே பிரித்துப் பிரித்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பெட்டிகளையும் முதலில் ஆபீஸ் ஏசி அறையிலேயே ஒரு நாள் ஓடவிட்டேன். அவருடையது ஜெயித்தது. சந்தேகமே இல்லாமல் ஜெயித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். இதையே முடிவாக எழுதிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முதலாளிக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் என் கணவர்; நான் அளந்து பார்த்தது அவருக்குத் தெரியாது. ஏசி அறையில் அளப்பது நியாயமாகாது, பெட்டி எங்கே இருக்கப்போகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் வரும் முடிவு மட்டும்தான் செல்லும் என்றார்.

அன்று சாயங்காலம் ஏற்பாட்டை நான் மீறினேன். "எதுக்கு அந்த மெயில்?"

"ஏசில எல்லாரோடதும் நன்னாத்தான் ஓடும். சூட்டுல வெச்சுப் பாரு. அவாளோடது பல்லை இளிச்சிடும்."

"உங்களோடதை நீங்க சூட்டுல வெச்சுப் பாத்திருக்கேளா?"

"கரண்ட் கம்மின்னு பிரோஷர்லயே போட்டிருக்கே."

விற்பவர்கள் யாரும் தங்கள் பிரோஷரை நம்புவதில்லை. இத்தனை வருஷம் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது. இவர் நம்பியிருக்கிறார். கோட்டுப் போட்டுக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் புழுதியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதெல்லாம் நம்பித்தான். முடிவு வெளியாகும் வரை எந்தப் பக்கத்திடமும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அவர் ஒரு பக்கம். ஏசியில் உங்களுடையதுதான் ஜெயித்தது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தோசை வார்க்கப் போனேன்.

தி. நகரில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டிடம். மாடிப்படிக்கு அடியில் எங்கள் தகர அலமாரி, அதை ஒட்டி ஒரு பிளவுஸ் தையல்காரர். வெயில் மண்டையைப் பிளந்தது. மற்ற நிறுவனத்தின் பெட்டி பிரோஷரில் சொன்னதைவிட அதிகமாகத்தான் கரண்ட் இழுத்தது. அடுத்து இவருடையதை மாட்டினோம். காலையில் ஒழுங்காக ஓடியது. உச்சி வெயிலில் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. பெட்டி சூட்டைத் தணிக்க ஃபேனை ஓட்டியது, ஃபேன் ஓட ஓடக் கரண்ட் ஏறியது. "உள்ள சட்னி அரைக்கிறீங்களா மேடம்?" என்றார் தையல்காரர்.

மீட்டர் மற்றப் பெட்டியின் கணக்கைத் தாண்டி ஏறியது, இறங்கவே இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து மூடினேன். பிளக்கை மாற்றினேன். மீட்டரையே மாற்றினேன். லைன்மேனுக்கு அது யார் வீட்டுப் பெட்டி என்று தெரியும். "எத்தினி வாட்டி பாத்தாலும் அதான் காட்டும் மேடம். உட்டுடுங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு பிரோஷர் பொய்களில் எது சின்னதோ அந்தக் கம்பெனியை எழுதிக் கொடுத்தேன். அது இவருடையது இல்லை.

மழைக்காலத்துக்கு முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள். வழியனுப்பும்போது கண்ணாடியில் ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். அதிலும் ஓர் இலை. அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. மீட்டரைப் பற்றியும் கேட்கவில்லை. பேப்பர் படித்தார், குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். ஆனால் ஃபேனை அணைப்பதை விட்டுவிட்டார். காலி அறையில் ஃபேன் சுற்றும், பாத்ரூமில் பட்டப்பகலில் விளக்கு எரியும், அவர் பாட்டுக்கு எழுந்து போய்விடுவார். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைப்பேன். வேலை போனதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார்.

"அந்த மெயிலை நான் போடாம இருந்திருந்தா? ஏசிலயே அளந்திருந்தா?"

கத்தியை நிறுத்தாமல் சொன்னேன். "ஏசிலயும் வெச்சுப் பாத்தேன். அங்கயும் அவாளோடதுதான் ஜெயிச்சுது."

"நிஜமாவா?"

"மீட்டர் சொல்லித்து."

நட்சத்திரக் குறி இல்லை, பொடி எழுத்து இல்லை. முழுப் பொய். இத்தனை வருஷம் மற்றவர்கள் சொன்னவற்றைப் பிரித்துப் பார்த்ததில், பொய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அவர் நார் உரிப்பதை நிறுத்தினார். "அப்போ சரி," என்றார். கையிலிருந்த பீன்ஸைத் தட்டில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் சுவிட்சைத் தட்டினார்.

தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகி நின்றது. நான் எழுந்து போய்ப் போடவில்லை. வியர்வை வழிய வழிய அங்கேயே உட்கார்ந்து மீதி பீன்ஸை நறுக்கினேன்.