வலப்புறம் தொடங்கிய கதை

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த என் மாமா, பயிற்சிக்காகச் சப்பான் சென்று திரும்பியபோது எனக்கென்று ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தார். பள்ளி மாணவியர் ஐவர் இசைக்குழு நடத்தும் வேடிக்கைக் கதை. எழுத்தெல்லாம் சப்பானியம். படத்துக்கு மொழி வேண்டியதில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அன்றே பேருந்தேறிப் போய்விட்டார். இன்னும் ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் பள்ளிக்கும் ஓர் இசைக்குழு இருந்தது. ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக்கு, ஒரு சோடித் தாளம், இவற்றோடு என் குரல். நால்வரில் ஒருத்தி குறைந்தாலும் ஆண்டு விழாவில் மேடை கிடையாது என்று பாட்டாசிரியை உறுதியாகக் கூறியிருந்தார். மாலைப் பயிற்சிக்குப் போகையில், அம்மா அரிசி மாவில் தட்டிப் பொரித்த நிப்பட்டை ஒரு டப்பா நிறையக் கொண்டுபோவது என் வழக்கம்.

அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், அவர்களுக்குப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொன்னேன். எந்த நூலையும் நாம் திறக்கும் பக்கமாகவே அதையும் திறந்தேன். எடுத்த எடுப்பிலேயே பெருங்கூட்டம். ஐவரும் மேடையில் முழங்குகிறார்கள். அடுத்துப் பயிற்சி. பிறகு தேநீரும் கேக்கும். பக்கம் பக்கமாகக் கேக்கு. அப்புறம் கிட்டாரை எப்படிப் பிடிப்பதென்றே ஒருத்திக்கு விளங்கவில்லை. போகப் போக ஒருத்தியை ஒருத்தி பார்த்தும் பேசாமல் நடக்கிறார்கள். கடைசியில், பூட்டிய அறையின் முன் ஒருத்தி மட்டும் தனியே நிற்கிறாள்.

அத்தை கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "நல்லாத்தான இருந்தாளுங்க! எவ கண்ணு பட்டுச்சோ?"

"கண்ணுமில்ல ஒண்ணுமில்லிங்க அண்ணி," என்றார் அம்மா. "அந்த மஞ்ச முடிக்காரியப் பாருங்க. தெனமும் கேக்கு கொண்டாந்து திங்க வெச்சே அத்தனையும் மறக்கடிச்சுட்டா."

சொன்னவர் என்னைப் பார்த்தார். பிறகு என் டப்பாவைப் பார்த்தார். "நாளையில இருந்து நிப்பட்டு கெடையாது கண்ணு. உங்க பாட்டாச்சும் உருப்படட்டும்."

மறுநாள் வெறுங்கையோடு போனேன். அதற்கடுத்த நாள் டோலக்குக்காரிக்கு வயிற்றுவலி. தாளக்காரிக்கு ஆடு ஓட்டும் வேலை வந்தது. வாரம் முடியுமுன் ஆர்மோனியக்காரியும் டியூசனைக் காரணம் காட்டினாள். பூட்டிய இசையறையின் முன் நான் தனியே நின்றேன். புத்தகத்தில் நான் கண்ட கடைசிப் படமும் அதுவே. சப்பானில் இருந்து வரைந்தவருக்கு எங்கள் பள்ளியின் நிலை எப்படித் தெரிந்தது என்று நடுங்கிப்போனேன்.

ஞாயிறன்று மாமா வந்தார். மேடை போய்விட்டதே என்று அழுதபடி அவரிடம் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவரில் சாய்ந்தார்.

"அட சாமி, அவங்க ஊரு பொஸ்தகத்த அந்தப் பக்கமிருந்து படிக்கணும்! நீங்க கதையவே பின்னால ஓட்டியிருக்கீங்க."

புத்தகத்தைத் திருப்பி வைத்து வலப்புறமிருந்து புரட்டினார். ஒருத்தி தனியே நின்றாள், கேக்கு வந்தது, கேக்கைத் தேடி மற்றவர்கள் வந்தார்கள், முடிவில் மேடையும் வந்தது. அம்மா கேக்குப் படத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"பாவம், அந்தப் புள்ளையப் போயி பேசிட்டனே," என்றவர், கையைக் கழுவிக்கொண்டு மாவு பிசையப் போனார்.

மறுநாள் டப்பாவோடு சென்றேன். டோலக்குக்காரியின் வயிற்றுவலி அன்றே நீங்கிற்று; மற்ற இருவரும் திரும்பினர். பாட்டென்றால் காதைப் பொத்திக்கொள்ளும் சிலர்கூடத் தாமாகவே வந்து சேர்ந்தனர். ஆண்டு விழா மேடை எங்கள் குழுவுக்குப் போதவில்லை.

பயிற்சியின்போது டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குச் சற்று முன்னே நின்று பாடுவேன். அத்தனை பேரும் இமை கொட்டாமல் என் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் குரலுக்கு இத்துணை ஈர்ப்பு உண்டா என்று நெஞ்சு பூரித்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒரு சரணம் கூடுதலாகப் பாடுவேன்.