கவிழ்த்து வைத்த கற்கள்

சர்வே குமாஸ்தாவாக நான் இருந்தபோது, அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கண்மாய்க் கரையில் கூடாரம் அடித்தோம். அங்கே கவிழ்ந்து கிடந்த மூன்று கற்களைச் சமையல்காரர் புரட்டி அடுப்பாக்கினார். அடிப்பக்கமெல்லாம் கரி.

மறுநாள் மழை கட்டி நின்ற மாலையில், அம்மி கொத்துகிறவர் ஒருவர் வந்தார். புருவமெல்லாம் கல்தூசி. பின்னால் ஒரு கழுதையும் நிறைமாத மனைவியும். எங்கள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போகையில இந்தக் கல்லுகளைக் கவுத்து வச்சிட்டுத்தான் போவேன் சாமி. கரி தெரிஞ்சா, ஆளு தங்குனதைக் கண்டுக்கிட்டு மறுதடவை விரட்டிருவாக.”

“வேறு இடம் இல்லையா?”

“மந்தையிலயும் விடலை, ஆத்தங்கரையிலயும் விடலை. இது யாரு எடம் சாமி?”

“புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லை.”

“அப்ப நாங்க இந்த ஓரமா இருந்துக்கிறவா?”

“ஊர்க் கர்ணத்தைக் கேட்டுப் பார்” என்றேன். கர்ணம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கேட்டு நின்றவருக்கும் தெரிந்திருந்தது.

“சரி சாமி, வாரேன்” என்று கழுதையைத் திருப்பினார்.

ஒரு வாரம் கழித்துக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில்தான் நினைவு வந்தது: கற்களை நாங்கள் கவிழ்த்து வைக்கவில்லை. எங்களுக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.