கசிங்கா கால்வாயில் கை கழுவப் போனேன்

ஸ்காபரோவில் இருந்து நானும் மனைவியும் உகண்டாவுக்கு சஃபாரி போயிருந்தோம். கசிங்கா என்ற இயற்கைக் கால்வாயில் சின்னப் படகில் பயணம். இரு கரையிலும் நீர்யானைகள், எருமைகள், மீன்கொத்திகள். பார்த்துத் தீரவில்லை.

மதியம் பெட்டியில் சோறும் கோழிக் குழம்பும் தந்தார்கள். முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டால் எனக்கு வயிறு நிறையாது. கையால் பிசைந்து சாப்பிட்டேன். பக்கத்திலேயே தண்ணீர். தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று நாங்கள் ஏறும்போதே படகோட்டி சொன்னதுதான், தலையாட்டியதும் நான்தான். ஆனாலும் பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினேன்.

விரல் நனைவதற்குள் யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த இருக்கையில் இருந்த உகண்டாப் பெண்மணி. தண்ணீரைக் காட்டினார். மரக்கட்டை என்று நான் நினைத்திருந்தது கண்ணைத் திறந்து, மெல்லத் தாழ்ந்து மறைந்தது. முதலை.

"என்னப்பா, உங்கட வீட்டுக் கிணத்தடி எண்டு நினைச்சியளோ?" என்றாள் மனைவி.

அந்தப் பெண்மணி தன் போத்தலைத் திறந்தார். விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றுவது தங்கள் வீட்டு வழக்கம் என்றார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் கையில் கடைசித் துளிவரை ஊற்றினார்.

இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளி யார் சாப்பிட்டு எழுந்தாலும், குழாய் இருக்க, நான் செம்போடு போய் நிற்கிறேன்.

"உவருக்கு விசர்" என்கிறாள் மனைவி.

பைத்தியமாகவே இருக்கட்டும். ஊற்றுகிற கை இன்னும் என்னிடம் இருக்கிறதே.